பெரியப்பாவின் கடைவீடு: இடிப்பதா, முகத்தை மட்டும் வைப்பதா, முழுதாக மீட்பதா?

பினாங்கில் பெரியப்பா விட்டுச்சென்ற கடைவீடு ஒன்று இருக்கிறது, கீழே கடையும் மேலே வீடுமாக. பதினெட்டு அடி அகலம். உள்ளே நடந்தால் நூறு அடிக்கு மேல் போகும். கீழே முதலில் மளிகை, பிறகு துணி, கடைசியாக சைக்கிள் பழுதுபார்ப்பவர் ஒருவர். அவரும் காலிசெய்து இரண்டு வருடம் ஆகிறது. மேல்மாடியில் கூரை ஒழுகி, ஒரு மூலையில் பலகைத் தளம் மெத்தை மாதிரி அமுங்குகிறது. ஜார்ஜ் டவுனின் உலகப் பாரம்பரிய எல்லைக்குள் இருந்திருந்தால் இடிப்பது என்ற பேச்சே எழுந்திருக்காது. எல்லைக்குச் சற்று வெளியே இருப்பதால், மாநகராட்சியின் அனுமதி வேண்டும் என்றாலும், முடிவு அண்ணன் கையிலும் அக்கா கையிலும் இருக்கிறது.

கட்டட வேலை எடுத்துச் செய்யும் மூன்று குத்தகைக்காரர்கள் வந்து பார்த்து மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், எல்லாவற்றையும் இடித்துவிட்டு, முன்பக்கத்தை மட்டும் பழைய பாணியில் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார். இன்னொருவர், இருக்கும் முன்சுவரை அப்படியே நிறுத்திவைத்து, பின்னால் நான்கு மாடி கான்கிரீட் எழுப்பி அறைகளாக வாடகைக்கு விடலாம் என்றார். மூன்றாமவர் வயதானவர். ஓடு, உத்தரம், சுண்ணாம்புப் பூச்சு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இருப்பதை மீட்கலாம், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா எனக்குத் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி. "பணக்கணக்கை அண்ணன் போட்டுக்கொள்வார். நீ சிங்கப்பூரில் இந்த மாதிரிக் கட்டடங்களைத் தினமும் பார்க்கிறாய். பத்து வருடம் கழித்தும் எது கண்ணுக்கு நன்றாக இருக்கும், அதை மட்டும் சொல்." பதில் எளிது என்று நினைத்துத்தான் நடக்கக் கிளம்பினேன். மூன்று வார இறுதிகள் ஆகிவிட்டன.

முதலில், ஒரு கடைவீட்டில் நம் கண் எதைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பலரும் நிறம் என்பார்கள். நிறத்தைவிட நிழல்தான் என்பது என் எண்ணம். 1822-இல், சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் அந்த நகரத் திட்டத்துக்கு விதி வகுத்தபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் திறந்த தாழ்வாரம் இருக்க வேண்டும், அது தெருவின் இருபுறமும் தொடர்ச்சியாக மூடுபாதையாக ஓட வேண்டும் என்றார். அதைத்தான் இங்கே அஞ்சடி என்கிறோம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வந்த ஏற்பாடு. அழகு அதிலிருந்து தானாக விளைந்தது. மேல்மாடி தெருவை நோக்கி முன்வந்து நிற்க, கீழ்த்தளம் ஐந்தடி உள்ளே இருட்டில் ஒதுங்கி நிற்கிறது. வெளிச்சத்தில் மேல்பாதி, நிழலில் கீழ்ப்பாதி. வரிசை முழுவதும் ஒரே அகலம், ஏனென்றால் சுவருக்குச் சுவர் போடும் உத்தரத்தின் நீளத்துக்கு மேல் ஒரு கடை அகலமாக முடியாது. மரத்தின் நீளம் தெருவுக்குத் தாளம் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தத் தாளத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் விருப்பத்துக்குச் சாய்வுப்பலகைச் சன்னல், அரைத்தூண், பூவேலை, பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த பறவை, வௌவால் வடிவக் காற்றுத்துளை என்று சேர்த்துக்கொண்டார்.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: நிழலின் ஆழம் மிஞ்சுகிறதா, சன்னல் திறந்து மூடுகிறதா, அஞ்சடியில் யாராவது நிற்பதற்குக் காரணம் இருக்கிறதா. இதை வைத்துக்கொண்டு மூன்றையும் பார்த்தேன்.

இடித்துவிட்டுப் பழைய பாணியில் கட்டுவதை முதலில் முடித்துவிடுகிறேன். சிங்கப்பூரில் பூகிஸ் ஜங்ஷன் என்ற வணிக வளாகம் 1995-இல் திறக்கப்பட்டது. மலபார் தெரு, ஹைலாம் தெரு, மலாய்த் தெரு ஆகியவற்றின் கடைவீடுகளை மறுபடி கட்டி, தெருக்களின் மேலே கண்ணாடிக் கூரை போட்டுக் குளிர்சாதன வசதி செய்திருக்கிறார்கள். மதியம் இரண்டு மணி வெயிலில் நானும் அதற்குள் ஓடி ஒளிகிறவன்தான், குறை சொல்ல எனக்கு முழு உரிமை கிடையாது. ஆனாலும் அங்கே நின்று மேலே பார்த்தால் ஏதோ ஒன்று உறுத்தும். கோடுகள் எல்லாம் மட்டப்பலகை வைத்தது போல நேராக ஓடுகின்றன. மழை படாத சுவரில் கறை இல்லை, வெயில் படாத சன்னலில் வெளிறல் இல்லை. கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழுவதால் நிழலுக்கும் வேலை இல்லை. மேடைநாடகத்தின் பின்திரை எவ்வளவு நன்றாக வரையப்பட்டிருந்தாலும் பின்திரைதானே. ஒரு பெரிய நிறுவனம் பல வரிசைகளைச் சேர்த்துச் செய்ததே இப்படி என்றால், பதினெட்டு அடி அகலத்தில் ஒரு தனி வீட்டுக்கு, அச்சில் வார்த்த சிமெண்ட் பூவேலையை ஒட்டி நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று அண்ணனே ஊகித்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்து வீடுகள் உண்மையானவையாக இருக்கும்போது நடுவில் இது மட்டும் பொய்ப்பல்லாகத் தெரியும். இந்த யோசனையை நான் எடுத்துப் போட்டுவிட்டேன்.

முன்சுவரை வைத்துக்கொண்டு பின்னால் உயர்த்துவது அப்படி எளிதில் தள்ளக்கூடியதன்று. அண்ணன் மனம் அதில்தான் இருக்கிறது. முகமும் தங்கும், வாடகையும் வரும். சிங்கப்பூர் அரசே இதற்கு ஓரளவு இடம் கொடுத்திருக்கிறது. 1989 ஜூலை 7-ஆம் தேதி, முதன்முதலாகப் பத்துப் பகுதிகள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. இன்று அந்தப் பட்டியலில் 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். (ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் ஒரு ஜூலை 7-ஆம் தேதிதான், 2008-இல். இரண்டு ஊர்க்காரனான எனக்கு இந்தப் பொருத்தத்தில் ஒரு அற்ப மகிழ்ச்சி.) நகர மறுசீரமைப்பு ஆணையம் எல்லாப் பகுதிகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா, போட் கீ ஆகிய வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் காப்பாற்ற வேண்டும். ஜூ சியாட், கேலாங் போன்ற பிற்காலக் குடியிருப்புப் பகுதிகளில் முன்பகுதியில் உள்ள முதன்மைக் கட்டடத்தை வைத்துக்கொண்டு, பின்புறத்தில் உயரமான புதுக்கட்டடம் எழுப்பிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அண்ணனிடம் குத்தகைக்காரர் சொல்லாமல் விட்டது அது. ஜூ சியாட்டில் மிஞ்ச வேண்டியது முதன்மைக் கட்டடம்: முன்சுவர், அதற்குப் பின்னால் உள்ள அறை, அதன் மேல் ஓட்டுக்கூரை, முகட்டுவரைக்கும் எல்லாம். வெறும் சுவர் அன்று. அந்தக் கூரை மிஞ்சுவதால்தான், தெருவிலிருந்து பார்க்கும்போது புதுக்கட்டடம் பின்வாங்கி நிற்கிறது. ஜூ சியாட் சாலையில் எதிர்ப்பக்கத்து அஞ்சடியில் நின்று பார்த்தேன். பின்கட்டடம் உயரமாக இல்லாத இடங்களில் அது இருப்பதே தெரியவில்லை. உயரமாக இருக்கும் இடங்களிலும் ஓட்டுக்கூரை நடுவில் வந்து இரண்டையும் பிரித்துவைக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

பெரியப்பா வீட்டுக்குச் சொல்லப்பட்டது வேறு. கூரையையும் உள்சுவர்களையும் எடுத்துவிட்டு, ஒன்பது அங்குலச் செங்கல் முன்சுவரை இரும்புச் சட்டத்தில் தாங்கி நிறுத்தி, அதன் முதுகிலேயே நான்கு மாடி. அப்படிக் கட்டினால், முகமூடி மாட்டிய ஆள் பின்னால் எழுந்து நிற்பதுபோல் ஆகும். அதைவிட மோசம் சன்னலில் நடக்கும். கடைவீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கிறது. காற்று முன் சன்னலில் நுழைந்து முற்றம் வழியாக மேலே போகும். முற்றத்தை மூடி அறைகளாக்கிவிட்டால் குளிர்சாதனம் இல்லாமல் முடியாது. குளிர்சாதனம் வந்தால் சாய்வுப்பலகைச் சன்னல் இனி திறக்காது. உள்ளே கண்ணாடி, அதற்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் சில இடங்களில் கட்டிலின் தலைப்பலகை. புதுத் தளங்களின் உயரமும் பழைய சன்னல்களின் உயரமும் ஒத்துப்போகாதபோது, சன்னலின் நடுவில் கான்கிரீட் தளத்தின் விளிம்பு ஓடுவதைக்கூடப் பார்த்திருக்கிறேன். மூடியே கிடக்கும் சன்னல் வரிசையைத் தூரத்திலிருந்து படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. தினமும் அந்த வழியாகப் போகிறவருக்குத் தெரியும்.

முழுதாக மீட்பது என்பதற்கு சிங்கப்பூரில் ஒரு சுருக்கமான நெறி வைத்திருக்கிறார்கள்: முடிந்த அளவு இருப்பதை வைத்துக்கொள், பொருத்தமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார். மக்கள் நம்பவேண்டும் என்பதற்காக 1980-களில் தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளை ஆணையமே எடுத்துச் செய்து காட்டியது. வெளியே நின்று பார்ப்பவருக்கு மீட்டெடுப்பு என்றால் வண்ணம் அடிப்பது. உண்மையில் அது கூரையில் தொடங்கித் தரையில் ஈரத்தோடு முடியும் சண்டை.

சுண்ணாம்பு விஷயத்தை அண்ணனுக்கு விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பழைய சுவர், சுட்ட செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடுவதால் ஈரம் வெளியே வந்து உலர்ந்துவிடும். சில வருடங்களுக்கு முன் யாரோ இந்த வீட்டின் கீழ்ச்சுவரில் சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஈரம் வெளியே வர வழியில்லை. அது மேலே ஏறி, சிமெண்ட் முடியும் இடத்தில் வெடித்துக்கொண்டு வந்திருக்கிறது. இடுப்பளவில் இருந்த உப்புப்பூப்பு இப்போது தலைக்கு மேல். செங்கல் மாவாக உதிர்கிறது. சுவர் கெட்டுவிட்டது, இடித்துவிடலாம் என்று முதல் குத்தகைக்காரர் காட்டியது இந்த இடத்தைத்தான். சுவரை நோயாளி ஆக்கியது பழமை அன்று, அந்தச் சிமெண்ட்தான். அதைக் கொத்தி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் உலரவிட்டு, சுண்ணாம்பை மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது என்று பூச வேண்டும். மூன்றாமவர் அவசரப்படுத்தக் கூடாது என்று சொன்னதன் பொருள் இது. வேலை தெரிந்த ஆட்களும் குறைவு. செலவு எங்கே ஏறுகிறது என்றால் பொருளில் இல்லை, நாளில்.

இதற்குக் கண் என்ன பலன் பெறும்? சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒளி கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வருவதுபோல் இருக்கும். நிறம் ஒரே தட்டையாக இருக்காது. காலையில் ஒன்று, மழை நனைத்த பின் வேறொன்று. பினாங்கில் சியோங் ஃபட் ட்சே மாளிகையின் நீலத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டாம். அவுரி நீலம் கலந்த சுண்ணாம்பு அது. பெயிண்ட் டப்பாவில் அந்த நீலம் கிடைக்காது.

ஆனால் முழு மீட்டெடுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் என்னால் முடியவில்லை. அளவுக்கு மீறினால் அதுவும் பொம்மையாகிவிடும். லிட்டில் இந்தியாவில் டான் டெங் நியாவின் வீடு என்று 1900-இல் கட்டப்பட்ட வீடு இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கதவுக்கு ஒரு நிறம், சட்டத்துக்கு ஒரு நிறம், ஒவ்வொரு பலகைக்கும் வேறு நிறம். அந்த வானவில் பிற்காலத்து வேலை. அழகில்லை என்று சொல்லமாட்டேன், குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கிறது. ஆனால் நிறம் இவ்வளவு சத்தம் போடும்போது மரவேலையின் செதுக்கல் கண்ணில் படுவதே இல்லை. கிளார்க் கீயில் ஆற்றோரப் பழைய கிடங்குகளை மீட்டு, பிறகு 2000-களில் தெருக்களின் மேல் பெரிய குடைகள் போன்ற கூரைகளை நிறுத்தினார்கள். இரவில் கொண்டாட்டமாக இருக்கிறது. பகலில் போனால் கிடங்கு எங்கே என்று குடைகளுக்குக் கீழே தேட வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. சிங்கப்பூரில் மீட்கப்பட்ட சில வரிசைகளில் கட்டடத்தில் குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஓடு சரி, சன்னல் சரி, பூவேலை சரி. அஞ்சடியில் மட்டும் யாரும் இல்லை. கீழே விளம்பர நிறுவனம், கட்டடக்கலை அலுவலகம், இரவில் திறக்கும் மதுக்கடை. கண்ணாடிக்கதவு சாத்தியிருக்கிறது. அழகாக உடுத்திக்கொண்டு யாருக்கோ காத்திருக்கும் மனிதர்போல் அந்த வீடுகள் நிற்கின்றன.

இதற்கு நேர்மாறானது நம் ஊர் மார்க்கெட் தெரு. பினாங்குத் தமிழர் வாயில் அது கடைத்தெருதான். அங்கே பாதிச் சுவர்களில் பூச்சு உரிந்திருக்கிறது. ஓட்டில் செடி முளைத்திருக்கிறது. பெயர்ப்பலகைகள் அரைத்தூண்களை மறைக்கின்றன. அதைப் பார்த்தால் எந்தக் கட்டடக்கலைஞருக்கும் வயிறு எரியும். ஆனாலும் அஞ்சடியில் பூமாலை தொங்குகிறது, மசாலா மூட்டை வாய் திறந்திருக்கிறது, புடவைகள் காற்றில் ஆடுகின்றன. அரைத்தூண் மறைந்தாலும் நிழலின் ஆழம் மறையவில்லை. என் கண் அங்கேதான் அதிக நேரம் நின்றது. பிறந்த ஊர்ப் பாசம் என்று அண்ணன் கேலி செய்வார். இருக்கலாம்.

பழைய வீடு காலியாகும்போது என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் டவுன் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு நீங்கியது. அதுவரை சொற்ப வாடகை. உரிமையாளர் பழுது பார்க்கவில்லை, குடியிருந்தவரும் போகவில்லை. கட்டுப்பாடு போனதும் வாடகை ஏறியது, பல தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. காலியான வீடுகள் சிலவற்றில் உழவாரக் குருவி வளர்த்தார்கள், உண்பதற்கு விற்கும் அதன் கூட்டுக்காக. சன்னல்களை அடைத்து, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, உள்ளே ஈரத்தை ஏற்றிவைத்தார்கள். கடைவீட்டை அதைவிடக் கொடுமைப்படுத்த முடியாது. யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு அரசு அந்தக் குருவிப் பண்ணைகளை வெளியேற்றியது. அந்த இடத்துக்குத் தங்கும் விடுதிகளும் காப்பிக்கடைகளும் வந்தன. முகங்கள் துலங்கின. தெருவில் இரவு விளக்கு எரியும் வீட்டுச் சன்னல்கள் குறைந்தன.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பெட்டியடி, சாய்வு மேசை, தரையில் பாய், சுவரில் சாமி படம் என்று வரிசையாக வட்டிக்கடைகள் இயங்கிய நீண்ட கூடங்கள் அவை. 1970-களில் நகரப் புதுப்பிப்புக்காக அந்த வரிசை போய்விட்டது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஏற்பாடு வர இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. இன்று அங்கே நின்று பார்த்தால் வானளாவிய வங்கிகள் மட்டும்தான். பினாங்குத் தெருவில் சில கிட்டங்கிகள் இன்னும் நிற்கின்றன. அதற்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு முடிவெடு என்று அண்ணனிடம் சொன்னேன். முகப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே இருட்டிலிருந்து முற்றத்து வெளிச்சம் வரைக்கும் கண் போகிற நீளம்தான் அங்கே காட்சி. முன்சுவரை மட்டும் நிறுத்திவைக்கிறவர் முதலில் தொலைப்பது அந்த நீளத்தை.

ஆகவே நான் எழுதி அனுப்பியது இப்படி. மூன்று யோசனைகளில் மூன்றாவது. ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். இந்த வருடம் கூரையும் மழைநீர்க் குழாயும். கூரை ஒழுகாமல் இருந்தால் மற்ற எதுவும் காத்திருக்கும். அதோடு கீழ்ச்சுவர்ச் சிமெண்ட்டைக் கொத்திவிட்டு உலரவிடுங்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் மேல்தளப் பலகையும் சன்னலும். கரையான் தின்ற கட்டையை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுப்போடச் சொல்லுங்கள், முழுச் சன்னலையும் மாற்ற விடாதீர்கள். முற்றத்தின் மேல் கண்ணாடி போடாதீர்கள். அண்ணனுக்கு வாடகை அறைகள் வேண்டுமென்றால், முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் சமையல்கட்டுப் பகுதியில், முன்கூரையின் முகட்டைத் தாண்டாத உயரத்தில், புதிதாகக் கட்டிக்கொள்ளட்டும். அங்கே பழையதாகக் காப்பாற்ற ஒரு துத்தநாகத் தகரக் கூரையைத் தவிர எதுவும் இல்லை. ஜூ சியாட்டில் நான் பார்த்த நல்ல உதாரணங்கள் எல்லாம் இந்த மாதிரிதான்.

கீழ்த்தளத்தை யாருக்கு விடுவது என்பதில்தான் அக்காவுக்கும் எனக்கும் பேச்சு நீண்டது. காப்பிக்கடைக்காரர் ஒருவர் அதிக வாடகை தருவதாகச் சொல்கிறார். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட வேண்டுமாம். மாலை கட்டும் அம்மா ஒருவரும் கேட்டிருக்கிறார். அவர் தருவது அதில் பாதிகூட இல்லை. கண்ணுக்கு எது என்று மட்டும்தானே கேட்டீர்கள், எனக்கு மாலைக்கடை என்றேன். அண்ணன் சிரித்தார். பலகைக்கதவை அப்படியே வைத்துக்கொள்ளும் காப்பிக்கடைக்காரர் யாராவது கிடைக்கிறாரா என்று தேடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அது நியாயமான சமரசம், எனக்குப் புகார் இல்லை.

நிறம் இன்னும் முடிவாகவில்லை. அக்கா பெயிண்ட் கடையின் வண்ண அட்டையை வைத்துக்கொண்டு இளஞ்சிவப்பா மஞ்சளா என்று கேட்கிறார். மேல்மாடிச் சன்னலுக்குப் பக்கத்தில், மழை படாத மூலையில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிறு கத்தியால் மெதுவாகச் சுரண்டச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் படம் அனுப்பினார். மேலே வெள்ளை, அதற்குக் கீழே ஒரு பச்சை, அதற்கும் கீழே காவி கலந்த மஞ்சள், செங்கலை ஒட்டி மிக மெல்லிய நீலம். பெரியப்பா வாங்கியபோது எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டேன். பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.